இறந்தவளைக் காட்டாத ஓவியம்

எட்வர்ட் மங்க் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது 'அலறல்'தான். முகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நிற்கும் அந்த உருவம் காபிக் கோப்பை, டி-சர்ட், கைபேசி எமோஜி என்று போகாத இடமில்லை. 'அலறல்' வந்த அதே 1893இல் அவர் வரைந்த இன்னொரு ஓவியத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை. 'நோயாளியின் அறையில் மரணம்' என்று பெயர்; நார்வேயில் ஆஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பதை இவ்வளவு சரியாகச் சொன்ன ஓவியம் எனக்குத் தெரிந்து வேறில்லை. துக்கத்தை அழுகிற முகத்தில் காட்டுவதுதான் வழக்கம். மங்க் அதை முகத்திலிருந்து எடுத்து, ஆட்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். இந்தப் பதிவில் நான் நிறுவ நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

முதலில் ஓவியத்தை நிதானமாகப் பார்த்துவிடலாம். ஒன்றரை மீட்டர் உயரம், அகலம் அதைவிடச் சற்றுக் கூடுதல். பச்சைச் சுவர், ஆரஞ்சும் பழுப்பும் கலந்த தரை. வலப்பக்கம் பின்னால் ஒரு கட்டில், பக்கத்தில் மருந்துப் புட்டிகள். கட்டிலுக்கு முன்னால் ஒரு பிரம்பு நாற்காலி, அதன் முதுகு நம் பக்கம் திரும்பியிருக்கிறது. சாகிற பெண் அந்த நாற்காலியில்தான் இருக்கிறாள், ஆனால் நம் கண்ணுக்கு அவள் அகப்படுவதில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் அவளுடைய வயதான தந்தை விரல்களைக் கோத்து ஜெபித்துக்கொண்டிருக்கிறார். அவளுடைய சித்தி நாற்காலியின் மேல் கை வைத்தபடி நிற்கிறாள். நமக்கு நெருக்கமாக, ஓவியத்தின் நடுவில் மூன்று பேர்: ஒருத்தி தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி நேராக நம் பக்கம் முகம் காட்டி நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் ஓர் இளைஞன் நாற்காலிப் பக்கம் திரும்பி நிற்கிறான். இடது ஓரத்தில் இன்னொரு இளைஞன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போய்விடலாமா என்பதுபோல ஒதுங்கி நிற்கிறான். அறையின் மீதி முழுக்க வெறும் தரைதான். அந்தத் தரையும் ஒழுங்காகப் படுத்திருக்கவில்லை. மேடைத் தளம் போல நம்மை நோக்கிச் சரிந்து வருகிறது.

இப்போது கைகளை மட்டும் தனியாகப் பாருங்கள். தந்தையின் கை அவருடைய இன்னொரு கையைப் பற்றியிருக்கிறது. உட்கார்ந்திருப்பவளின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. நிற்பவளின் கைகளும் அப்படியே, வயிற்றுக்குக் கீழே கோத்தபடி. சித்தியின் கை நாற்காலியைத் தொடுகிறது, ஓரத்தில் நிற்பவனின் கை சுவரைத் தொடுகிறது. ஆறு பேர் நிற்கிற அறையில் ஒருவர் கை இன்னொருவர் மேல் படவில்லை. கண்களும் அப்படித்தான், எந்த இரண்டு பேரின் பார்வையும் சந்திக்கவில்லை. நடுவில் இருக்கும் மூவரின் கறுப்பு உடைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உடம்புபோலத் தெரிகின்றன. அந்த ஒரே உடம்பிலிருந்து மூன்று தலைகள் மூன்று திசையில் திரும்பியிருக்கின்றன. 1896இல் இதே காட்சியை மங்க் கல்லச்சில் எடுத்தபோது நிறமெல்லாம் போய், அந்த உடைகள் ஒரு பெரிய கறுப்புத் திட்டாகவே ஆகிவிட்டன. உடம்பால் இவ்வளவு நெருக்கமாக நிற்பவர்கள் பார்வையாலும் கையாலும் இவ்வளவு தள்ளி இருப்பது தற்செயலாக அமைந்திருக்க முடியாது. ஒரு கையை ஒரு தோளின்மேல் வைத்திருந்தால் இந்த ஓவியம் வேறொன்றாகியிருக்கும். ஆறுதல் சொல்லும் ஓவியமாகியிருக்கும்.

இது யாருடைய சாவு என்று தெரிந்துகொண்டால் இன்னொரு விஷயம் புலப்படும். மங்க் பிறந்தது 1863 டிசம்பரில். தந்தை கிறிஸ்தியான் மங்க் ராணுவ மருத்துவர், கடுமையான மதப்பற்று உடையவர். தாய் 1868இல் காசநோயால் இறந்தபோது எட்வர்டுக்கு ஐந்து வயது. தாயின் தங்கை காரன் வந்து குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவள் சோஃபி, எட்வர்டைவிட ஏறத்தாழ இரண்டு வயது பெரியவள். அவளும் 1877இல் அதே காசநோயால் இறந்தாள், பதினைந்து வயதில். அவள் கடைசியாக உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலியை மங்க் சாகும்வரை தன்னோடு வைத்திருந்தார். வீட்டில் ஒரு மருத்துவர் இருந்தும் எதுவும் செய்ய முடியாத காலம் அது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்ததே 1882இல்தான், அதைக் கொல்லும் மருந்து வர 1940கள் ஆயின. ஓவியத்தில் தந்தை மருத்துவராக நிற்காமல் ஜெபிக்கிறவராக நிற்பதற்குப் பின்னால் இந்தக் கையறு நிலை இருக்கிறது.

இனி கணக்கைப் பாருங்கள். சோஃபி இறந்தபோது எட்வர்டுக்கு வயது பதின்மூன்று. ஆந்திரியாஸுக்குப் பன்னிரண்டு, லாராவுக்குப் பத்து, கடைக்குட்டி இங்கருக்கு ஒன்பது. ஓவியத்திலோ குழந்தைகளே கிடையாது. தலை குனிந்திருக்கும் லாராவும் நம்மைப் பார்த்து நிற்கும் இங்கரும் வளர்ந்த பெண்கள், எட்வர்டும் ஆந்திரியாஸும் வாலிபர்கள். 1893இல் அவர்கள் எந்த வயதில் இருந்தார்களோ அந்த வயதில், பதினாறு வருடத்துக்கு முந்தைய அறைக்குள் நிற்கிறார்கள். இன்னும் ஒன்று: அங்கே ஜெபித்துக்கொண்டிருக்கும் தந்தை 1889இலேயே இறந்துவிட்டார். அப்போது மங்க் பிரான்சில் இருந்தார். ஆக, நான்கு வருடத்துக்கு முன் இறந்த ஒருவர், பதினாறு வருடத்துக்கு முன் இறந்த மகளுக்காக இந்த ஓவியத்தில் பிரார்த்தனை செய்கிறார். நான் காண்பதை வரையவில்லை, கண்டதை வரைகிறேன் என்ற பொருளில் மங்க் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் இந்த ஓவியம் கண்டதையும் தாண்டிப் போகிறது. இப்படியொரு காட்சியை யாரும் எந்த நாளிலும் கண்டிருக்க முடியாது. நினைவுக்குள் மட்டும்தான் இந்த ஆறு பேரும் இந்த வயதில் இந்த அறையில் கூட முடியும்.

அதனால்தான் அந்த இடைவெளியை ஒரு நாளின் அதிர்ச்சி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. குழந்தைகளாக வரைந்திருந்தால், 1877 நவம்பரில் நடந்த ஒரு சம்பவம் என்று நாம் அதைக் கடந்துபோயிருப்போம். பயந்த பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் நிற்பது இயல்பு. வளர்ந்த பிறகும் அவர்கள் அதே நிலையில், அதே தூரத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் ஓவியம் சொல்லும் செய்தி. அந்த அறையிலிருந்து அவர்கள் வெளியே வரவேயில்லை. வயது மட்டும் கூடியிருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் போனால் போனவர் இடம் மட்டும் காலியாகிறது என்று நாம் நினைக்கிறோம், ஆனால் மிச்சமிருப்பவர்களின் நடுவே இருந்த வழிகளும் சேர்ந்து அடைபட்டுப் போகின்றன. அக்காவிடம் சொன்னால் அப்பாவிடம் போய்ச் சேரும் என்று இருந்த பேச்சு, அக்கா போனபின் எங்கே போகும்? மங்க் சோஃபியை மறைத்துவிட்டு மற்றவர்களைக் காட்டியது இதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த இடத்துக்கு அவர் ஒரே தாவலில் வந்துவிடவில்லை. 1885-86இல் வரைந்த 'நோயுற்ற குழந்தை'யில் இருந்து பார்த்தால் பாதை தெரியும். சிவந்த தலைமயிர் கொண்ட ஒரு சிறுமி பெரிய வெள்ளைத் தலையணையில் சாய்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு பெண் தலையை முழுக்கக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், உச்சந்தலைதான் நமக்குத் தெரிகிறது. அவளுக்கு மாடலாக உட்கார்ந்தது சித்தி காரன். சிறுமிக்கு மாடல் வேறொரு பதினொரு வயதுப் பெண். சிறுமி அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி இருட்டாகத் தொங்கும் திரையைப் பார்க்கிறாள். நடுவில் இருவர் கைகளும் சேர்கின்றன. சேர்கின்றன என்று சொன்னாலும் அங்கே விரல் எதுவும் கிடையாது. குழம்பிய ஒரு வண்ணப் பூச்சுதான் இருக்கிறது. எந்தக் கை எங்கே முடிகிறது, பிடித்திருப்பது யார், பிடிபட்டிருப்பது யார் என்று சொல்ல முடியாது. முகத்தையும் தலையணையையும் அவ்வளவு அக்கறையோடு உருவாக்கியவர் ஓவியத்தின் நடுப்புள்ளியை இப்படி விட்டுவைத்திருக்கிறார். வண்ணத்தைப் பூசி, சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி சுரண்டி பல மாதம் அதோடு போராடியிருக்கிறார். கித்தானின்மேல் குறுக்கும் நெடுக்கும் கீறல்கள், வழிந்திறங்கிய வண்ணத் தாரைகள் எல்லாம் இன்றும் அப்படியே இருக்கின்றன. 1886இல் கிறிஸ்தியானியாவின் (இன்றைய ஆஸ்லோ) இலையுதிர்காலக் கண்காட்சியில் 'பயிற்சி' என்ற தலைப்பில் இது தொங்கியபோது, முடிக்காத படம் என்று திட்டித் தீர்த்தார்கள்.

திட்டியவர்களின் வாதத்தை அலட்சியப்படுத்தக் கூடாது, ஏனென்றால் அவர்கள் கண்முன் நல்லதோர் ஒப்பீடு இருந்தது. மங்கின் வழிகாட்டியான கிறிஸ்தியான் க்ரோக் சில வருடங்களுக்கு முன்புதான், 1880-81இல், 'நோயுற்ற சிறுமி' என்ற ஓவியத்தை முடித்திருந்தார். வெள்ளைத் துணியில் சுற்றப்பட்ட சிறுமி நாற்காலியில் உட்கார்ந்து நேராக நம் கண்ணைப் பார்க்கிறாள். கையில் ஒரு ரோஜா, அதன் இதழ்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. கண்ணைச் சுற்றியிருக்கும் சிவப்பு, உதட்டின் வெளிறல், விரல் நகம் எல்லாம் அப்படியே உயிரோடு இருக்கிறது. க்ரோக்கும் தன் சகோதரியைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். ஆகவே அவருக்கு வலி தெரியாது, மங்குக்குத்தான் தெரியும் என்ற சுலபமான பதில் இங்கே செல்லாது. அந்தக் காலத்தில் நோய்ப்படுக்கையை வரையாத ஓவியரே இல்லை என்னும் அளவுக்கு அது பரவியிருந்தது, மங்க் பின்னாளில் அதைத் தலையணைக் காலம் என்றே குறிப்பிட்டார். க்ரோக்கின் ஓவியம் மகத்தானது, அதன் முன் நின்றால் மனம் கனக்கும். ஆனால் அது நம்மிடம் கேட்பது இரக்கத்தை. சாகப்போகிற ஒருத்தி நம்மைப் பார்க்கிறாள், நாம் அவளைப் பார்க்கிறோம். இழக்கப்போகிறவர்கள் அந்தச் சட்டத்துக்குள் இல்லை. மங்கின் ஓவியத்தில் இழக்கப்போகிறவள் உள்ளே இருக்கிறாள். அவளால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை, பிடித்த கையும் பிடிக்குள் நிற்கவில்லை. இரக்கம் என்பது சாகிறவரைப் பார்ப்பவரின் உணர்ச்சி. துக்கம், விட்டுப் போகப்படுகிறவருடையது. இரண்டையும் ஒரே மாதிரி வரைய முடியாது.

அவருக்கு ஒழுங்காக வரையத் தெரியாது, அதனால்தான் இந்தச் சுரண்டல் என்பவர்களுக்கு 1889இல் அவர் வரைந்த 'வசந்தம்' போதும். அதிலும் நோயுற்ற ஒரு பெண், பக்கத்தில் ஒரு மூத்த பெண்மணி. சன்னலில் காற்றுக்கு உப்பும் திரைச்சீலை, வெயில் படும் பூந்தொட்டிகள் என்று யாரும் குறை சொல்ல முடியாத கைத்திறன். தேர்ந்த கை அவருடையது என்று நிரூபிக்கிற ஓவியம். அதே நேரத்தில், துக்கத்தைப் பொறுத்தவரை 'நோயுற்ற குழந்தை' போன தூரத்தில் கால்வாசிகூட அது போகவில்லை.

சரி, இதை எக்ஸ்பிரஷனிசம் என்று சொல்லலாமா என்று வரலாறு தெரிந்தவர்கள் கேட்பார்கள். ட்ரெஸ்டனில் 'பாலம்' என்ற எக்ஸ்பிரஷனிசக் குழுவை இளம் ஓவியர்கள் தொடங்கியது 1905இல். மங்க் அவர்களுக்கு மூத்தவர். 1892இல் பெர்லினில் அவருடைய கண்காட்சியை ஒரே வாரத்தில் இழுத்து மூடிய ரகளைதான் ஜெர்மனியில் அவரைப் பிரபலமாக்கியது. 1912இல் கொலோன் நகரின் பெரிய கண்காட்சியில் அவருக்கென்று ஒரு தனி அறையே ஒதுக்கினார்கள். முன்னோடி என்பீர்களோ, முதல்வர் என்பீர்களோ, எனக்கு அதில் தகராறு இல்லை. கண்ணுக்குத் தெரிகிற உலகத்தை உள்ளே நடப்பதற்குத் தக்கபடி வளைக்கலாம் என்ற துணிச்சலை ஜெர்மானிய இளைஞர்கள் கற்றுக்கொண்ட இடங்களில் இந்த ஓவியங்கள் முக்கியமானவை. அது போதும்.

இனி கடினமான மறுப்புக்கு வருகிறேன். குடும்பக் கதை தெரிந்ததால்தானே இவ்வளவும் சொல்கிறாய், பெயரும் வருடமும் தெரியாதவனுக்கு இந்த ஓவியம் என்ன சொல்லும்? நியாயமான கேள்வி. வாழ்க்கைக் கதையைக் கொண்டுவந்து ஓவியத்தில் ஊற்றுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு எகோன் ஷீலே வரைந்த 'குடும்பம்' சாட்சி. வியன்னாவின் பெல்வெடெரே அருங்காட்சியகத்தில் இருக்கும் 1918ஆம் ஆண்டு ஓவியம். நிர்வாணமாகக் குந்தியிருக்கும் ஓர் ஆண், அது ஷீலேயின் தன்னுருவம். அவன் கால்களுக்கு நடுவில் ஒரு பெண், அவள் கால்களுக்கு நடுவில் ஒரு குழந்தை. அந்த வருடம் அக்டோபர் 28ஆம் தேதி ஷீலேயின் கர்ப்பிணி மனைவி எடித் ஸ்பானிஷ் ஃப்ளூவில் இறந்தாள். மூன்றே நாளில், 31ஆம் தேதி, இருபத்தெட்டு வயது ஷீலேயும் இறந்தார். இதைத் தெரிந்துகொண்டபின் அந்த ஓவியத்தில் சாவைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் அது வரையப்பட்டபோது யாரும் சாகவில்லை. கண்காட்சியில் வைத்தபோது அதன் பெயர்கூட குந்தியிருக்கும் ஜோடி என்ற பொருளில்தான் இருந்தது, குழந்தை பிறகு வந்து சேர்ந்தது. அந்தப் பெண்ணின் முகமும் எடித்தின் முகம் இல்லை. அங்கே நாம் காணும் துக்கத்தில் பெரும்பகுதி நாம் கொண்டுபோனது.

மங்கின் ஓவியத்துக்கும் இதே சோதனையை வைத்துப் பார்ப்போம். பெயர்களை எல்லாம் அழித்துவிடுவோம். கட்டிலும் மருந்தும் இருப்பதால் நோயாளி வீடு என்று தெரிகிறது. ஜெபிக்கும் முதியவரும் கறுப்பு உடைகளும் இருப்பதால் சாவு நெருங்கிவிட்டது அல்லது நடந்துவிட்டது என்று தெரிகிறது. எல்லோரும் யாரைச் சுற்றி நிற்கிறார்களோ அவரை நமக்குக் காட்டாமல் நாற்காலி மறைக்கிறது. ஒருவரும் ஒருவரைத் தொடவில்லை, பார்க்கவில்லை. ஆக, நான் சொல்லும் இடைவெளி முழுக்க முழுக்கக் கித்தானின் மேலேயே இருக்கிறது, அதற்கு வாழ்க்கை வரலாறு தேவையில்லை. வயது விவகாரம் மட்டும் கித்தானில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினாறு வருடம் என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். ஆனால் இங்கேயும் ஷீலே விஷயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ஷீலேயின் சாவு ஓவியத்துக்குப் பிறகு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. மங்கோ தெரிந்தே, திட்டமிட்டே பெரியவர்களின் முகங்களை அந்த அறைக்குள் வைத்தார். அது ஓவியர் எடுத்த முடிவு. அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது ஓவியத்தின்மேல் எதையோ ஏற்றுவதாகாது.

இன்னொரு மறுப்பும் வரும், நம் வாசகர்களிடமிருந்து நிச்சயம் வரும். இது வடக்கு ஐரோப்பியக் குடும்பத்தின் இறுக்கம். லூத்தரன் வீடு, கண்டிப்பான அப்பா, வாய்விட்டு அழக் கூடாது என்று பழக்கிய பிள்ளைகள். கட்டிக்கொண்டு கதறி அழுகிற வழக்கமுள்ள சமூகத்துக்கு இதை எப்படிப் பொதுவாக்குவது? நிற்கும் விதம், கை கோக்கும் விதம் எல்லாம் அந்த ஊருடையது என்பது உண்மைதான். ஆனால் ஓவியம் சாவு நாளோடு நின்றுவிட்டால்தான் இந்த மறுப்பு முழுதாகச் செல்லும். எந்தச் சமூகத்தின் சடங்கும் பத்து நாள், ஒரு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம் ஆட்களைச் சேர்த்துப் பிடித்து வைக்கும். பதினாறு வருடம் கழித்து ஒரே வீட்டில் பிறந்த நாலு பேர் அந்தச் சாவைப் பற்றித் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது சடங்கின் கைக்கு எட்டாத இடம். மங்க் வரைவது அந்த இடத்தை. வாய்விட்டு அழுத குடும்பங்களும் பிறகு அங்கேதான் வந்து சேர்கின்றன.

துக்கம் இடைவெளியில் இருக்கிறது என்ற என் வாதத்துக்குப் பலமான எதிர்ச்சான்று என்று நான் மதிப்பது ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் படைப்புகளை. 1903இல் அவர் செய்த 'இறந்த குழந்தையுடன் பெண்' என்ற செதுக்கச்சில் இடைவெளி என்று மருந்துக்கும் கிடையாது. சம்மணம்போல் காலை மடக்கி உட்கார்ந்த தாய், இறந்த பிள்ளையை மார்போடு அள்ளி, அவன் உடம்பில் முகத்தைப் புதைத்திருக்கிறாள், ஒரு விலங்கு தன் குட்டியை முகர்வதுபோல. மாடலாக இருந்தது அவரும் ஏழு வயது மகன் பேட்டரும்தான், கண்ணாடி முன் மகனைக் கையில் ஏந்தி வரைந்திருக்கிறார். துக்கம் என்றால் இப்படி ஒட்டிக்கொள்வது அல்லவா, மங்க் சொல்வது பாதிதானே என்று இதைக் காட்டி ஒருவர் வாதிட்டால் அது கனமான வாதம். பதிலும் கோல்விட்ஸிடமே இருக்கிறது. 1914 அக்டோபரில் அதே பேட்டர் பெல்ஜியப் போர்முனையில் பதினெட்டு வயதில் இறந்தான். அவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்ய உடனே தொடங்கினார். முதலில் இறந்த மகனின் உருவமும் அதில் இருந்தது. வருடங்கள் போகப்போக மகனின் உருவத்தைக் கைவிட்டார். 1932இல் பெல்ஜியத்துப் போர்வீரர் இடுகாட்டில் நிறுவப்பட்டபோது மிஞ்சியது இரண்டே சிலைகள்: தந்தை, தாய். இரண்டும் தனித்தனிப் பீடத்தில், நடுவில் வெற்றிடம் விட்டு மண்டியிட்டிருக்கின்றன. தந்தை கைகளைத் தன் மார்போடு குறுக்கே இறுக்கிக்கொண்டிருக்கிறார், தாய் முன்னால் கவிழ்ந்திருக்கிறாள். ஒருவர் மற்றவரைப் பார்க்கவில்லை. பதினெட்டு வருட உழைப்புக்குப் பிறகு, மங்கை நகலெடுக்க எந்தத் தேவையும் இல்லாத ஒரு மகா கலைஞர், இறந்தவனை நீக்கிவிட்டு இருப்பவர்களைப் பிரித்துவைத்தார். இன்று அந்தச் சிலைகள் வ்லாட்ஸ்லோ என்ற ஊரின் இடுகாட்டில் இருக்கின்றன, பேட்டரின் கல்லறையும் அங்கேதான்.

இதோடு கதை முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் 1937-38இல் அவர் இறந்த மகனை மடியில் வைத்திருக்கும் தாயைச் சிறு சிற்பமாகச் செய்தார். அதன் பெரிய வடிவம்தான் 1993 முதல் பெர்லினில் போர் நினைவகத்தில் இருக்கிறது. மறுபடி சேர்த்து வைத்துவிட்டாரே என்று கேட்கலாம். ஆனால் 1903இன் வெறியோடு சேர்க்கவில்லை. இந்தத் தாய் அவனை இறுக்கிப் பிடிக்கவில்லை. தன் முழங்கால்களுக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையை வாயருகே கொண்டுபோய் யோசனையில் இருக்கிறாள். ஒட்டிக்கொள்ளும் துக்கமும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தாயும் இறந்த பிள்ளையும் மட்டும் இருக்கும்போது அது சரியாகவே அமைகிறது. உயிரோடு இருப்பவர்கள் இரண்டு பேரானாலும் சரி, ஆறு பேரானாலும் சரி, அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று வரையும்போதுதான் இடைவெளி வந்து நிற்கிறது. குடும்ப இழப்பு என்று நாம் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

கடைசியாக, மங்க் 'நோயுற்ற குழந்தை'யை ஆறு முறை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது பலரை உறுத்துகிறது. முதல் ஓவியத்துக்கும் கடைசிக்கும் நடுவில் நாற்பது வருடம். அவற்றில் சிலவற்றை வாங்குபவர்கள் கேட்டு வரைந்து கொடுத்தார், காசும் வாங்கினார். துக்கத்தைக் கடைச்சரக்கு ஆக்கிவிட்டாரே என்பது குற்றச்சாட்டு. ஓவியத்தை விற்றுப் பிழைக்கிறவர் விற்றார் என்பதில் எனக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. பார்க்க வேண்டியது, திரும்ப வரைந்தபோது என்ன செய்தார் என்பதைத்தான். மற்ற இடங்களில் நிறம் தெளிகிறது, பச்சையும் சிவப்பும் பட்டை பட்டையாகப் பாய்கின்றன, தூரிகை வேகம் கூடுகிறது. அந்தக் கைகள் மட்டும் தெளியவில்லை. வாங்குபவருக்குப் பிடித்த மாதிரி அழகாக்குவது நோக்கமாக இருந்தால் முதலில் திருத்தியிருக்க வேண்டிய இடம் அதுதான். 1896இல் பாரிஸில் வண்ணக் கல்லச்சில் அதே காட்சியை எடுத்தபோது பக்கத்தில் இருந்த பெண்ணையே நீக்கிவிட்டு, தலையணையில் சாய்ந்த சிறுமியின் தலையை மட்டும் வைத்துக்கொண்டார். ஆறு பிரதிகளில் 1907இல் வரைந்த ஒன்று ட்ரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தது. நாஜிகள் சீரழிந்த கலை என்று சொல்லி அதை வெளியேற்றி விற்றார்கள், நார்வேக்காரர் ஒருவர் வாங்கி 1939இல் லண்டன் டேட் காலரிக்குக் கொடுத்தார். அச்சில் பார்க்க அதுதான் பளிச்சென்று இருக்கும், புத்தகங்களில் அதிகம் வருவதும் அதுதான். எனக்கு ஆஸ்லோவில் இருக்கும் 1886இன் முதல் ஓவியமே உயர்ந்தது. பிற்காலப் பிரதிகளில் அவருக்கு எங்கே போய்ச்சேர வேண்டும் என்று தெரியும். முதலாவதில் தெரியாமல் சுரண்டிச் சுரண்டிப் பார்த்திருக்கிறார், அந்தத் தேடல் கீறலாகவே கித்தானில் நிற்கிறது. அதே அருங்காட்சியகத்தில்தான் 'நோயாளியின் அறையில் மரண'மும் இருக்கிறது. ஆஸ்லோ போக முடியாதவர்கள் அதன் இணையதளத்தில் இரண்டையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் 1886இன் கைகளைப் பார்த்துவிட்டு, பிறகு 1893இன் கைகளுக்கு வாருங்கள். ஏழு வருடத்தில் அவர் எதைக் கண்டுகொண்டார் என்று தெரியும்.